காளவாசல் சுண்ணாம்பிலிருந்து ஷேட் கார்டு வரை

ஏலத்தோட்டத்துல ஒரு சுற்று காய் எடுத்து முடிச்சா அடுத்த சுற்றுக்கு 40, 45 நாள் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில, பொங்கலுக்கு முன்னாடி போடி வீட்டுக்கு உள்பக்கம் பெயிண்ட் அடிச்சுடலாம்னு ஆரம்பிச்சேன். இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா ஆகும்னு அப்போ தெரியாது.

பெயிண்டர் தம்பி நடுவீட்டுச் சுவர்ல முழ அகலத்துக்கு ரெண்டு சாம்பிள் அடிச்சுக் காட்டினார். ஒண்ணு வெளிர் சந்தனம். இன்னொண்ணு கருநீலமும் சாம்பலும் கலந்த அடர் நிறம். பெங்களூர்ல இருந்து வந்திருந்த என் மகளுக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருந்தது. இனிமே மாசத்துல பாதி நாள் இங்கிருந்தே வேலை பார்க்கப் போகிறாள்.

"அப்பா, போடி வெயிலுக்கு இந்த மாதிரி கூல் கலர்தான் சரி. உள்ள நுழைஞ்சாலே குளுகுளுன்னு இருக்கும்" என்றாள்.

அம்மாவுக்கு எண்பதை நெருங்குது. கயித்துக்கட்டில்ல உட்கார்ந்தபடியே, "ஏந்தாயி, இருட்டுக் கிடங்குலயா குடியிருக்கச் சொல்ற? வீடுன்னா வெளுப்பா இருக்கணும்" என்றார்.

ரெண்டு பேருக்கும் நடுவுல நான். பெயிண்டர் தம்பி, "முடிவு பண்ணிச் சொல்லுங்கண்ணே, அதுவரைக்கும் பழசைச் சுரண்டுறேன்" என்று பிளேடை எடுத்துக்கொண்டார்.

சுரண்டச் சுரண்டத்தான் எனக்கு இந்தப் பதிவு எழுதத் தோன்றியது. தாத்தா கட்டின வீடு, செங்கலும் சுண்ணாம்புக் காரையும். மேல இருந்தது நான் அடிச்ச வெண்ணெய் நிற எமல்ஷன். அதுக்கு அடியில அப்பா காலத்துப் பச்சை டிஸ்டெம்பர். அதுக்கும் அடியில வெளிர் நீலச் சுண்ணாம்பு. கடைசியா, காரையை ஒட்டி, வெறும் வெள்ளைச் சுண்ணாம்பு. மரத்தை அறுத்தா வளையம் தெரியுமே, அது மாதிரி நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு தேவை கொண்டுவந்து ஒட்டியிருக்கு. அடியிலிருந்தே சொல்கிறேன்.

முதல் அடுக்கு வெள்ளை. சின்ன வயசுல பொங்கல் என்றால் எங்களுக்கு முதலில் சுண்ணாம்பு, அப்புறம்தான் கரும்பு. காளவாசல்ல இருந்து கற்சுண்ணாம்பு வாங்கி வந்து, பழைய பானையில போட்டுத் தண்ணி ஊத்துவாங்க. கொதகொதன்னு கொதிக்கும். "தள்ளி நில்லுங்கடா, கண்ணுல தெறிச்சா கண்ணு போயிரும்" என்று அதட்டுவாங்க. நீத்த சுண்ணாம்பைத் துணியில வடிகட்டி, ஒட்டுறதுக்கு வடிகஞ்சியும் கொஞ்சம் உப்பும் சேர்த்து, அடிப்பாகத்தைத் தட்டி நாராக்கின பனைமட்டையால பூசணும். பூசும்போது சுவர் அழுத சாம்பல் நிறத்துல இருக்கும். காயக் காயத்தான் வெள்ளை ஏறும். மறுநாள் காலையில வீடே ஒரு சுற்று பெரிசான மாதிரி தெரியும்.

இதுல நடக்கிறது அழகான ஒரு சுற்று. சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒட்டி எரித்தால் அதிலிருந்து கரியமிலவாயு வெளியேறிவிடும். மிஞ்சுவது கற்சுண்ணாம்பு. அதில் தண்ணீர் சேர்ந்தால் நீற்றுச் சுண்ணாம்பு. சுவரில் பூசியபிறகு அது காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. அதாவது நாம் சுவரில் பூசுவது மெல்லிய கல். நம் பழைய இலக்கியங்களில் சுதை என்று வருவது இந்தச் சுண்ணாம்புச் சாந்துதான். சித்தன்னவாசல் ஓவியத்துக்கும் தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியத்துக்கும் அடித்தளம் அதே சுண்ணாம்பு.

அந்த ஓவியங்களில் இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கருப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண். காவி என்பது இரும்புத் துரு கலந்த மண்தானே, நம்ம ஊர் மண்ணிலேயே கிடைப்பது. கோயில் மதில்ல வெள்ளையும் காவியும் பட்டை பட்டையா இருக்கிறதும், எங்க வீட்டுச் சுவரின் கால்மாட்டில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை இருந்ததும் இதனால்தான். இன்றைக்கு ஷேட் கார்டில் 'வார்ம்' என்று பிரித்து வைத்திருக்கும் நிறங்கள் பெரும்பாலும் காலடியில் கிடைத்த நிறங்கள். ஆயிரக்கணக்கான வருஷம் ஏழை வீடும் கோயிலும் அதையே பூசின. ரசனைக்கு முன்னால் விலை முடிவு செய்த விஷயம் இது.

'கூல்' நிறங்கள் கதை வேறே. நல்ல நீலம் வேண்டும் என்றால் ஆப்கானிஸ்தானில் பதக்‌ஷான் மலையில் வெட்டி எடுக்கும் ஒரு கல்லை அரைக்க வேண்டும். ஐரோப்பாவில் அது தங்கத்துக்கு நிகரான விலை. அவுரிச் செடியில் எடுக்கும் நீலம் நம்மிடம் உண்டு, ஆனால் அது துணிக்குப் பேர்போனது. அந்தக் கல்லின் நீலத்தைச் செயற்கையாக, மலிவாகச் செய்து காட்டுகிறவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824இல் பிரான்ஸில் ஒரு சங்கம் அறிவித்தது. குயிமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செய்து காட்டி, 1828இல் பரிசை வாங்கினார். களிமண், சோடா, கந்தகம், கரி எல்லாம் சேர்த்துச் சூளையில் வேகவைக்கும் முறை அது.

அப்படிப் பிறந்த நீலம்தான் வெள்ளை வேட்டிக்குப் போடுற நீலப் பொடியாக ஒவ்வொரு வீட்டுக்கும் வந்தது. துணிக்குப் போட்டது போக ஒரு சிட்டிகை சுண்ணாம்புப் பானையிலும் விழுந்தது. சுண்ணாம்புக்குக் காரம் அதிகம். சில நீலங்களை அது கொஞ்ச நாளில் தின்று நிறத்தைக் கெடுத்துவிடும். இந்தச் சூளை நீலம் காரத்தைத் தாங்கும். அதனால் நிலைத்தது. கொஞ்சம் போட்டால் வெள்ளையின் மஞ்சள் சாயல் போய்ப் பளிச்சென்றாகும். கூடப் போட்டால் வெளிர் நீலம். எங்க வீட்டு ரெண்டாவது அடுக்கு அதுதான். தெற்கத்திக் கிராமங்களில் பல பழைய வீடுகளின் உள்சுவரில் இன்றைக்கும் பார்க்கலாம். குளிர்ந்த நிறம் ஏழை வீட்டுக்குள் நுழைந்தது இந்த வழியில்தான். அதுவும் வெளிர் நிறமாக மட்டும். அடர் நீலத்தில் சுவர் முழுக்கப் பூச யாருக்கும் தோன்றியிருக்காது. ஒரே ஒரு மண்ணெண்ணெய் விளக்கை மாடத்தில் வைத்துக்கொண்டு அந்தச் சுவருக்கு நடுவே என்ன செய்வது?

வெளிச்சத்துக்காகப் பூசின சுண்ணாம்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது, நோயைத் தடுப்பது. காரத்தில் கிருமிகள் பிழைக்காது. கிருமி என்ற ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே மனிதர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். 1802இல் இங்கிலாந்தில், பஞ்சாலைகளில் வேலை பார்த்த அநாதைப் பிள்ளைகளுக்காக ஒரு சட்டம் வந்தது. ஆலையின் சுவரையும் மேற்கூரையின் உள்பக்கத்தையும் வருஷத்துக்கு ரெண்டு தடவை சுண்ணாம்பு கரைத்துப் பூச வேண்டும் என்பது அதில் ஒரு விதி. தொழிலாளர் நலச் சட்டங்களின் ஆரம்ப வரிகளில் ஒன்று வெள்ளையடிப்பதைப் பற்றியது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

நம் நாட்டுத் தொழிற்சாலைகள் சட்டம் 1948லும் அதன் சாயல் இருந்தது. 11ஆம் பிரிவில், பெயிண்டோ வார்னிஷோ அடிக்காத உள்சுவர்களுக்கு 14 மாதத்துக்கு ஒரு முறையாவது வெள்ளையோ வண்ணச் சுண்ணாம்போ அடிக்க வேண்டும், கழுவக்கூடிய பெயிண்ட் என்றால் 3 வருஷத்துக்கு ஒரு முறை மறுபூச்சு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவல் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அடித்த தேதியைப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோதும் அதிகாரிகள் முதலில் கையில் எடுத்தவற்றில் ஒன்று வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிப்பது.

எங்க மலைக்கு வருவோம். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பஞ்சோலை என்று கேரளப் பக்கம் ஏலத்தோட்டங்கள். எங்க தோட்டமும் அந்தப் பக்கம்தான். திருவிதாங்கூர் அரசு 1897இல் ஏலமலைக் காடு என்று தனியாக அறிவித்த பகுதி. அந்தக் காலத்தில் கீழேயிருந்து வேலைக்குப் போனவர்கள் யானைக்குப் பயந்ததைவிட மலைக்காய்ச்சலுக்குப் பயந்தார்கள். தெற்கே பெரியாறு அணை கட்டிய 1887 முதல் 1895 வரையான வருஷங்களில் காய்ச்சலிலும் காலராவிலும் இறந்தவர்கள் எத்தனையோ பேர்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1953இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. டிடிடி மருந்தை வீட்டின் உள்சுவர்களில் அடித்தார்கள். ரத்தம் குடித்த கொசு பாரம் தாங்காமல் பக்கத்துச் சுவரில்தான் போய் உட்காரும். உட்கார்ந்த இடத்தில் மருந்து இருந்தால் கதை முடிந்தது. இதில் ஒரு வேடிக்கை. நூறு நூற்றைம்பது வருஷமாக "வெள்ளையடி, வெள்ளையடி" என்று சொன்ன அதிகாரம், இப்போது "மருந்தடித்தபிறகு வெள்ளையடிக்காதே, சாணி மெழுகாதே" என்று சொல்ல வேண்டி வந்தது. மேலே பூசினால் மருந்து மறைந்துவிடும் இல்லையா. பொங்கலுக்கு முன்னால் மருந்தடித்தால் வீட்டுப் பெண்களுக்கும் மருந்தடிப்பவர்களுக்கும் சண்டை வராமல் இருந்திருக்குமா, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வெளுப்பு நல்லது, இருட்டு கெட்டது என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதீர்கள். இருட்டை நம்பிப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. பறித்த ஏலக்காயை வெயிலில் காயப்போட்டால் பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடும். பச்சை போனால் விலை போச்சு. அதனால்தான் ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் உலர்த்தும் கட்டடம். மூடிய அறை, தரையோரம் ஓடும் சூட்டுக் குழாய், வெளியே விறகு அடுப்பு. 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் ஒரு பகல் ஓர் இரவாவது காய வேண்டும். உள்ளே வெளிச்சம் எவ்வளவு குறைவோ அவ்வளவு பச்சை மிஞ்சும். காய்ந்த காயையும் கருப்பு பாலித்தீன் உறை போட்ட சாக்கில்தான் கட்டி வைப்போம். வெளிச்சம் படவே கூடாது.

ஆனால் அதே காயைத் தரம் பிரிக்கும் இடத்துக்கு வாருங்கள். போடியில் ஏலக்காய்க் கடைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காய், பூச்சி குத்தின காய், நிறம் மங்கின காய் என்று கண்ணாலேயே பிரிப்பார்கள். அந்தக் கூடத்தில் வெளிச்சம் குறைந்தால் மத்தியானத்துக்குள் கண்ணு எரியும், கையும் தப்பும். ஒரே ஏலக்காய்தான். அது தூங்கும் அறை இருட்டாக இருக்க வேண்டும், அதைப் பார்க்கும் அறை வெளிச்சமாக இருக்க வேண்டும். இதை அன்றாடம் பார்க்கிற எனக்கு, வீட்டுச் சுவர் விஷயத்தில் மட்டும் ஏன் உடனே உறைக்கவில்லை என்று தெரியவில்லை.

மூன்றாவது அடுக்கு, அப்பாவின் பச்சை டிஸ்டெம்பர். சுண்ணாம்பு துணியில் ஒட்டும், சாய்ந்து உட்கார்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. டிஸ்டெம்பர் அவ்வளவாக ஒட்டாது, வருஷா வருஷம் அடிக்க வேண்டியதில்லை. 1942இல் பம்பாயில் ஆரம்பித்த ஏஷியன் பெயிண்ட்ஸ் இதை ஊர் ஊராகக் கொண்டு போனது. கையில் பிரஷ்ஷும் நெற்றியில் விழும் முடியுமாக ஒரு குறும்புப் பையன் படம் டப்பாவில் இருக்குமே, கட்டு என்று பேர். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்‌ஷ்மண் 1954இல் வரைந்தது. அந்தப் பையன் படத்துக்காகவே காலி டப்பாவை நான் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

டிஸ்டெம்பர் வந்த காலத்தில் கரண்டும் வந்திருந்தது. சுவர் வெளிச்சத்தைத் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் குறைந்தது. நிறம் என்பது தேவையிலிருந்து விருப்பத்துக்கு மாறிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா பச்சையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் கேட்டால், "தோட்டத்து ஞாபகம்" என்பார். அவ்வளவுதான்.

அதே காலத்தில் கதவு ஜன்னலுக்கு எனாமல் வந்தது. பளீர் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. இந்தப் பளீர் நிறங்களுக்குப் பல இடங்களில் ஈயக் கலவைகளைச் சேர்த்தார்கள். பெயிண்ட் உதிர்ந்து தூசியாகி, தரையில் தவழும் பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போனால் அவர்களின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆக, பழைய ஜன்னலை இப்போது சுரண்டுகிறவர்கள் கவனமாக இருங்கள். எங்க பெயிண்டர் தம்பியைக் காய்ந்த ஜன்னலை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவிடவில்லை. தண்ணீர் தெளித்து, முகத்தில் மாஸ்க் கட்டி, தூசியை ஈரத்துணியில் துடைத்து எடுக்கச் சொன்னேன். மங்கலகரமான மஞ்சள் என்று நம்பினதும் ஆபத்தாக இருந்திருக்கிறது. நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது.

சரி, மகள் சொன்ன குளுகுளு விஷயம். உண்மையா? வெளிச்சுவருக்கும் மொட்டைமாடிக்கும் நிறம் முக்கியம்தான். வெள்ளையடித்த மாடி வெயிலைத் திருப்பி அனுப்பும், கருப்பு மாடி வாங்கிச் சேர்த்து ராத்திரி முழுக்க நம் தலைமேல் இறக்கும். வெறுங்காலோடு ரெண்டிலும் நின்று பார்த்தால் போதும், விஞ்ஞானி வேண்டாம். ஆனால் உள்சுவரில் வெயில் நேராக விழுவதில்லை. ஜன்னல் ஓரத்தைத் தவிர, உள்ளே நீலம் அடித்தாலும் சந்தனம் அடித்தாலும் தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். குளுமையாகத் தோன்றுவது மனசுக்கு. அதுவும் பொய்யில்லை. சித்திரை மத்தியானம் போடி வீதியில் கண்ணு கூச நடந்து வந்து, மங்கலான அறைக்குள் நுழைந்தால் வரும் நிம்மதி எனக்கும் தெரியும். சின்ன ஜன்னல், தாழ்ந்த தாழ்வாரம் வைத்துக் கட்டின நம் பெரியவர்கள் அந்த மங்கலைத்தான் கட்டடத்தால் செய்தார்கள்.

உள்சுவர் நிறம் உண்மையில் மாற்றுவது வெளிச்சத்தை. நல்ல வெள்ளைச் சுவர் மேலே விழும் வெளிச்சத்தில் சுமார் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். சந்தனம், வெளிர் மஞ்சள் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மகள் எடுத்த அடர் நிறம் பத்தில் ஒரு பங்கு தந்தால் பெரிசு. மீதியை விழுங்கிவிடும். அதே பல்பு, அதே ஜன்னல், ஆனால் அறை வேறே.

இதையெல்லாம் நான் மகளிடம் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. நான் பேசினதைவிட அது பேசியது அதிகம்.

பெயிண்டர் தம்பி பச்சையைச் சுரண்டி முடித்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்கு அந்தப் பழைய நீலச் சுண்ணாம்பு வெளியே தெரிந்தது. அம்மா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். போன வருஷம் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன் ஆனது. இடது கண் இன்னும் பாக்கி. அம்மா ஒரு கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். அப்புறம் வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி மாற்றினார்.

"ஏப்பா, இது நீலம்."

"ஆமாம்மா, தாத்தா காலத்து நீலம்."

"நான் வாக்கப்பட்டு வந்தப்போ இந்த நெறந்தான். இந்தக் கண்ணுக்கு அப்படியே தெரியுது. அந்தக் கண்ணுக்கு அழுக்குத் துணி மாதிரி இருக்கு."

வயசு ஏற ஏறக் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் பழுப்பேறும். மஞ்சள் கண்ணாடி போட்ட மாதிரி, அது முதலில் தடுப்பது நீலத்தைத்தான். அது மட்டுமில்லை. இருபது வயசுக் கண்ணின் விழித்திரைக்குப் போகிற வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயசுக் கண்ணுக்குப் போய்ச் சேரும். எண்பதில் இன்னும் குறைவு. அதாவது மகளுக்கு இதமான மங்கல், அம்மாவுக்கு இருட்டு. மகள் பார்க்கிற ஆழமான நீலம், அம்மாவின் இடது கண்ணுக்கு வெறும் கருப்பு. ரெண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துத்தான் சண்டை போட்டார்கள், ஆனால் ரெண்டு பேர் பார்த்ததும் ஒரே சுவர் இல்லை.

"வாசப்படி தெரியாம நேத்து ராத்திரி தடுமாறிட்டேன். உன்கிட்ட சொல்லல" என்றார் அம்மா, என்னைப் பார்க்காமல்.

மகள் ஒன்றும் பேசவில்லை. அப்பத்தாவின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, பெயிண்டர் தம்பியிடம், "அண்ணா, ஹால், கிச்சன், அப்பத்தா ரூம் மூணுக்கும் சந்தனம். கீழ ஒரு முழத்துக்குக் காவி மாதிரி பட்டை போட முடியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு அப்போதுதான் அந்தக் காவிப் பட்டையின் இன்னொரு உபயோகம் புரிந்தது. தண்ணி தெறிச்ச கறை, விளக்குமாறு பட்ட கறை தெரியாமல் இருக்கத்தான் அது என்று இதுவரை நினைத்திருந்தேன். வெளிர் சுவரும் வெளிர் தரையும் சேர்கிற இடம் மங்கின கண்ணுக்குத் தெரியாது. நடுவில் அடர் நிறத்தில் ஒரு கோடு ஓடினால் சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது, வாசல் எங்கே திறக்கிறது என்று சிம்னி விளக்கு வெளிச்சத்தில்கூடத் தெரியும். பெரியவர்கள் இதை நினைத்துத்தான் போட்டார்கள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் போட்டதால் பலன் இருந்தது.

மகளின் அறையில் கணினி வைக்கும் பக்கத்துச் சுவருக்கு மட்டும் அவள் கேட்ட அடர் நீலம். திரைக்குப் பின்னால் பளீரென்ற வெள்ளைச் சுவர் இருந்தால் நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு அலுப்பு என்றாள். நியாயம்தான். அது அவள் கண், அவள் வேலை. ஸ்டோர் ஒன்று, தரம் பிரிக்கிற கூடம் ஒன்று. ஒரே வீட்டுக்குள் ரெண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மலை வீட்டுக்குத் தனிக் கணக்கு. போடி மழை மறைவுப் பகுதி, ஐப்பசி கார்த்திகையில் பெய்கிறதுதான் பெரிய மழை. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஆனி, ஆடி முழுக்கச் சாரல், மூடுபனி. சுவர் ஈரம் குடித்தே இருக்கும். போன தடவை ஆசைப்பட்டு அங்கே எமல்ஷன் அடித்தேன். ஈரம் வெளியேற வழியில்லாமல் ஒரே மழைக்காலத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, அடியில் கரும்பூஞ்சை பிடித்துவிட்டது. தப்பு பெயிண்டில் இல்லை, ஈரச் சுவரில் அடித்த என்னிடம். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தில் பூஞ்சையும் சீக்கிரம் ஏறாது. பனி மூடின நாளில் ஜன்னல் வழியே வருவதே நீலம் கலந்த சாம்பல் வெளிச்சம். அதற்குள் சாம்பல் நிறச் சுவரும் இருந்தால் பகலிலேயே மனசு சோர்ந்துவிடும். அதனால் அங்கே சுண்ணாம்பில் கொஞ்சம் மஞ்சள் காவி கரைத்து நானே அடிக்கப் போகிறேன். பனைமட்டை இப்போது கிடைப்பது கஷ்டம், பிரஷ்தான்.

இப்போது கடைக்குப் போனால் மெஷின் ஆயிரக்கணக்கான நிறங்களை ரெண்டு நிமிஷத்தில் கலக்கித் தருகிறது. தாத்தாவுக்கு இருந்தது நாலு: வெள்ளை, காவி, மஞ்சள் காவி, நீலம். அவர் அதிகம் யோசித்திருக்க மாட்டார். விளக்கு ஒன்று, பிள்ளைகள் ஏழு, காய்ச்சல் பயம் ஒரு பக்கம். அதற்கு ஏற்ற சுவரைப் பூசினார். நமக்கு நிறம் கூடியிருக்கு, விளக்கு கூடியிருக்கு. இந்த அறையில் யார் அதிக நேரம் இருக்கப் போகிறார்கள், அவர்கள் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்வியை மட்டும் ஷேட் கார்டு கேட்பதில்லை. அதை நாமதான் கேட்டுக்கணும்.

நடுவீட்டில் ஜன்னலோரம் அந்த நீலச் சுண்ணாம்பில் ஒரு சாண் சதுரத்தை மட்டும் பூசாமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார் அம்மா. தை கழிந்து மாசியில் இடது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைப் பார்க்க வேண்டுமாம்.

உங்க ஊர்ல பழைய வீடு இருந்தா, அடுத்த தடவை பெயிண்ட் அடிக்கும்போது ஒரு ஓரத்துல சுரண்டிப் பாருங்க. அடியில என்ன நிறம் வந்ததுன்னு எனக்கும் சொல்லுங்க.